"எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று பெற்றோர் ஏன் சொல்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு தொடக்கப்பள்ளியில் சமீபத்தில் பொறுப்பேற்றவர். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, மாதாமாதம் செய்திமடல் போகிறது, டைரியிலும் எழுதி அனுப்புகிறோம், ஆனாலும் எதற்கெடுத்தாலும் "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள், எந்த ஆப் வாங்கினால் இது சரியாகும் என்று கேட்டிருக்கிறார். ஆப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் அவர் கேட்பது அது இல்லை. இத்தனை வழியில் சொல்லியும் ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. தொடக்க வகுப்புகளில் பல வருஷம் பாடம் எடுத்துவிட்டு அப்புறம் நிர்வாகப் பக்கம் போன அனுபவத்தில் சொல்கிறேன். ஆய்வில் நிரூபணமானது எது, என் அபிப்பிராயம் மட்டும் எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து மூன்று விதமான தகவல் தேவை. நான் என்ன செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும் என்பது ஒன்று. என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பது இன்னொன்று. காலையில் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை அங்கே என்னதான் நடக்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேகம் வேறு, வாசகர் வேறு, ரகசியத் தேவையும் வேறு. நாம் என்ன செய்கிறோம்? மூன்றையும் ஒரே குரூப்பில் கொட்டுகிறோம். விளையாட்டு விழாப் படங்கள் நாற்பது, நடுவில் ஒப்புதல் படிவத்துக்கான கடைசித் தேதி, அதன் கீழே "நன்றி மிஸ்", "சூப்பர் மிஸ்" என்று இருபது பேர், அதற்கும் கீழே யாரோ தொலைத்த தண்ணீர் பாட்டில். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து போனைத் திறக்கும் அம்மாவுக்கு எண்பது செய்திகள் காத்திருக்கும். அவர் நேராகக் கடைசிக்குத்தான் போவார். படிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நீங்கள் அனுப்பியது உண்மை, அவருக்குச் சேரவில்லை என்பதும் உண்மை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். இங்கே பிரச்சினை பெரும்பாலும் எழுதும் விதத்தில்தான். வழக்கமான சுற்றறிக்கை எப்படி ஆரம்பிக்கும்? "அன்புள்ள பெற்றோர்களுக்கு, மாணவ மாணவியரின் பன்முகத் திறன் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு நமது பள்ளி நிர்வாகம் இரண்டாம் வகுப்பினருக்காகக் கல்விச் சுற்றுலா ஒன்றினை ஏற்பாடு செய்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இதற்கப்புறம் நான்கு வாக்கியம் தாண்டித்தான் கையெழுத்து விஷயம் வரும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாம் வகுப்பு: வியாழக்கிழமைக்குள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, அருங்காட்சியகம் போகிறோம். காலை 8.30க்குக் கிளம்பி மாலை 3 மணிக்குப் பள்ளிக்கே திரும்புவோம். தண்ணீர் பாட்டில், தொப்பி போதும். படிவம் வராத குழந்தைகள் அன்று மூன்றாம் வகுப்பில் உட்காருவார்கள்." யாருக்கு, என்ன செய்ய, எதற்குள் என்பது முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியைக் கவனித்தீர்களா? செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டாமல் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரிக்காகவே பல பெற்றோர் படிவத்தைத் தேடி எடுப்பார்கள். இன்னொரு சின்ன விஷயம், "நாளை" என்று எழுதாதீர்கள். இன்று அனுப்பியதை நாளை காலையில்தான் பாதிப் பேர் படிப்பார்கள், அவர்களுக்கு அது மறுநாள் ஆகிவிடும். கிழமையும் தேதியும் சேர்த்தே போடுங்கள், ஒன்றைத் தப்பாக அடித்திருந்தால்கூட மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

அவசரம் தவிர மற்ற எல்லாவற்றையும் வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் அனுப்புங்கள். எந்தக் கிழமை என்பது முக்கியமில்லை, மாறாமல் இருப்பதுதான் முக்கியம். ஞாபகமூட்டலை எல்லோருக்கும் அனுப்பாமல், இன்னும் படிவம் தராதவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்தவருக்கு மூன்று முறை ஞாபகப்படுத்தினால் நான்காவது செய்தியை அவர் திறக்கவே மாட்டார்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஆப் என்பதைவிடப் பெற்றோர் அதில் எப்படிச் சேர்கிறார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது, இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பீட்டர் பெர்க்மன், டாட் ராஜர்ஸ் இருவரும் வாஷிங்டன் டிசியில் நடத்திய ஆய்வில், பிள்ளையின் மதிப்பெண், வருகை பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். இணையதளத்துக்குப் போய் நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று சொன்னபோது ஒரு சதவீதம்கூடச் சேரவில்லை. ஒரு செய்திக்குப் பதில் போட்டால் போதும் என்றபோது சுமார் 8 சதவீதம் சேர்ந்தார்கள். எல்லோரையும் பள்ளியே சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்றபோது 95 சதவீதத்துக்குக் குறையாமல் அப்படியே இருந்துவிட்டார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததும் இந்த மூன்றாவது பிரிவில்தான். அது நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம், மதிப்பெண் விஷயத்தை ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பதிவு செய்யச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்பது எந்த வகுப்புப் பெற்றோருக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே கடவுச்சொல் கேட்கும் ஆப்பைவிட, சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் எண்ணுக்குத் தானாகப் போகும் சாதாரணக் குறுஞ்செய்தி மேல். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த எண்கள் இன்னும் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், ஆனால் இது இல்லாமல் எந்த ஆப்பும் ஓடாது.

வாட்ஸ்அப் குரூப்பை ஒழிக்க வேண்டியதில்லை. அட்மின் மட்டுமே அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். பெற்றோர் தங்களுக்குள் தனியாக ஒரு குரூப் வைத்திருப்பார்கள், வைத்துக்கொள்ளட்டும், அதில் ஆசிரியர் இருக்கக் கூடாது. அங்கே ஒரு வதந்தி கிளம்பினால் உள்ளே போய் வாதாடாதீர்கள். பள்ளியின் வழக்கமான வழியில் நான்கு வரி அனுப்பினால் போதும், அதுவே அரை மணி நேரத்தில் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும். தயங்கிக்கொண்டு இருந்தால் வதந்திதான் செய்தியாகிவிடும்.

மூன்றாவது வகை, அதாவது பள்ளியில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, பள்ளிகள் பெரும்பாலும் கோட்டை விடுவதும் இதில்தான். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை "ஒண்ணும் பண்ணல" என்று சொல்லும். மறைக்கிறது என்று அர்த்தமில்லை. ஆறு மணி நேரத்தை ஒரு வாக்கியத்தில் சுருக்கிச் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். பிள்ளைக்கு ஒரு நுனி கொடுத்தால் மிச்சத்தைத் தானே இழுத்துக்கொண்டு வரும். அதனால் வகுப்பின் வாரக் குறிப்பில் "இந்த வாரம் அறிவியலில் ஒளி, நிழல் பாடம் நடந்தது" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் வீட்டில் ஒன்றும் நடக்காது. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்: "காலையில் மைதானத்தில் சாக்பீஸால் வரைந்த உன் நிழல் மத்தியானம் அதே இடத்தில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்." அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை எழுந்து நின்று, தன் நிழல் எப்படிக் குட்டையாகிப் போனது, பக்கத்தில் நின்றவனுடைய நிழல் தன்னுடையதன் மேல் எப்படி ஏறிக்கொண்டது என்று கை கால் ஆட்டிக் காட்டும். பள்ளியில் நடப்பது தெரியவில்லை என்ற குறை அந்த வீட்டில் அன்றைக்கு இருக்காது. இதற்கு ஆசிரியர் செலவு செய்தது இரண்டு நிமிஷம். அலங்காரமான எட்டுப் பக்கச் செய்திமடலை விட இந்த மூன்று வரி மேல் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம்: என்ன படித்தோம், பிள்ளையிடம் என்ன கேட்கலாம், அடுத்த வாரம் என்ன வருகிறது.

இதற்கு ஓரளவு ஆய்வு ஆதரவும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் யார்க், சூசன்னா லோப் இருவரும் நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாரம் மூன்று குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றில் ஒரு தகவல், அடுத்ததில் வீட்டில் அன்றாட வேலைக்கு நடுவிலேயே செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம், மூன்றாவதில் ஒரு உற்சாக வார்த்தையோடு அதையே கொஞ்சம் நீட்டிச் செய்ய ஒரு வழி. பெற்றோர் பிள்ளையோடு செய்யும் எழுத்து, ஓசை விளையாட்டுகள் கூடின, குழந்தைகளின் ஆரம்ப எழுத்தறிவிலும் முன்னேற்றம் தெரிந்தது. பின்னால் வந்த ஒரு ஆய்வில் வாரம் ஐந்து செய்தியாகக் கூட்டியபோது விலகிக்கொண்டவர்கள் அதிகமானார்கள். அதனால் மூன்றுதான் சரியான எண் என்று கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். நிறைய அனுப்பினால் நிறையப் பலன் என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது வகை, என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பது. இது குரூப்பில் வரவே கூடாது, பாராட்டாக இருந்தாலும் சரி. ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது மற்ற முப்பது வீட்டில் என்ன கேள்வி எழும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி ஆரம்பித்த முதல் சில வாரங்களுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை போன் செய்து, நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவது நான் பார்த்தவரை பலன் தந்த பழக்கம். "உங்கள் மகள் இன்று அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." அவ்வளவு போதும். பள்ளி எண் திரையில் வந்தாலே வயிற்றைக் கலக்கும் பெற்றோர் உண்டு. பின்னால் கஷ்டமான விஷயம் பேச வேண்டி வந்தால் இந்த முதல் அழைப்பு கைகொடுக்கும்.

அதே சமயம் பாராட்டு மட்டும் போதாது. "நல்லாப் பண்றான் சார், கவலைப்படாதீங்க" என்பது கேட்க இதமாக இருக்கும், அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. மாத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு ஆசிரியர் தரப்பிலிருந்து வாரம் ஒரே ஒரு வரி அனுப்பினார்கள். பாடத்தில் தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். பாராட்டிய வரிகளைவிட, எதைச் சரிசெய்யலாம் என்று சொன்ன வரிகள்தான் கூடுதலாக உதவின. அவர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான், ஆகவே அந்த எண்களை உங்கள் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கும் இதில் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: குறிப்பாகச் சொல்வது. "கணக்கில் பின்தங்கியிருக்கிறான்" என்பதைவிட, "கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் பத்தாம் இடத்தைக் குறைக்க மறந்துவிடுகிறான், 52லிருந்து 17 மாதிரி இரண்டு கணக்கு தினமும் கூட உட்கார்ந்து போடுங்கள், பத்து நாளில் திரும்பப் பேசுவோம்" என்று சொன்னால் அந்தத் தகப்பனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது, பயம் குறைகிறது.

கெட்ட செய்தி தனி. அதில் ஒரே விதிதான்: அன்றே, பிள்ளை வீடு போய்ச் சேர்வதற்குள். விளையாடும்போது தலையில் அடிபட்டால், வீங்காவிட்டாலும், அழுகை நின்றுவிட்டாலும் போன் போக வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே, எதில் இடித்தது, நாம் என்ன செய்தோம், இனி வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், பேச்சில் குழப்பம், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அதையே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள், பதற்றத்தில் போனில் கேட்டது பாதிதான் நினைவிருக்கும். தள்ளியது யார் என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. "அதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், என்ன செய்தோம் என்று நாளை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடவும் செய்யுங்கள். பேன், அம்மை போன்றவற்றுக்கும் இதேதான். வகுப்பு முழுவதற்கும் தகவல் போகட்டும், யாருக்கு என்பது போகக் கூடாது.

படங்கள் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் குழந்தையின் முகமும் வெளியே போகக் கூடாது. வகுப்புக்குள் பகிர்வது, பொதுவில் போடுவது இரண்டுக்கும் தனித்தனிச் சம்மதம் வாங்குங்கள். முகமும் முழுப் பெயரும் சேர்ந்து வர வேண்டாம். வெளியே கூட்டிப்போகும் நாளில் படங்கள் திரும்பி வந்த பிறகு போகட்டும், குழந்தைகள் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கும் வீடுகளும் உண்டு, அங்கே ஒரு சாதாரண குரூப் போட்டோ பெரிய விவகாரமாகிவிடும். எந்தப் பெற்றோருக்குத் தகவல் போக உரிமை இருக்கிறது என்பதைச் சட்டமும் நீதிமன்ற உத்தரவும்தான் தீர்மானிக்கின்றன, இது இடத்துக்கு இடம் மாறும், இதில் என் பேச்சைக் கேட்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். அப்படி எந்தத் தடையும் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிடுவார் என்று விட்டால் பிள்ளைதான் தபால்காரன் ஆகும்.

எத்தனை நன்றாக எழுதினாலும் சில வீடுகளுக்கு எழுத்து போய்ச் சேராது. இரவு வேலைக்குப் போகிறவர்கள், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், பள்ளி மொழியில் படிக்க முடியாத பெற்றோர். இவர்களுக்கு அரை நிமிஷக் குரல் செய்தி பிரமாதமாக வேலை செய்கிறது. மொழி தெரியாத பெற்றோரிடம் பிள்ளையையே வைத்து மொழிபெயர்த்துப் பேசுவது சாதாரண விஷயங்களுக்குப் பரவாயில்லை, படிப்பு, நடத்தை, உடல்நிலை பற்றியென்றால் வேண்டவே வேண்டாம். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்லும் நிலையில் எந்தக் குழந்தையையும் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு வகுப்புகளுக்குக் காகிதத்தை முழுக்க விட்டுவிடாதீர்கள். பளிச்சென்று ஒரே நிறத்தில் ஒரு ஃபைல், ஒரு பக்கம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது, மறுபக்கம் திருப்பி அனுப்ப வேண்டியது, தினமும் போய் வரட்டும்.

சந்தேகத்துக்குரியவை என்று நான் வைத்திருப்பவை இரண்டு. நல்ல நடத்தைக்கு மணிக்கொரு முறை புள்ளி போட்டு அதை உடனுக்குடன் பெற்றோர் போனுக்கு அனுப்பும் ஆப்கள் ஒன்று, வகுப்பறை கேமராவை நேரலையில் காட்டுவது மற்றொன்று. விரும்பும் பெற்றோர் நிறைய இருக்கிறார்கள், தெரியும். எனக்கு உடன்பாடில்லை. சாயங்காலம் பிள்ளை வந்து தானே சொல்ல வேண்டிய கதையை மத்தியானமே அவை தின்றுவிடுகின்றன, ஆசிரியரும் பாடம் நடத்துவதை விட்டுப் புள்ளி போட ஆரம்பித்துவிடுகிறார். இது என் கருத்து மட்டுமே, எதிர்க்கருத்து உள்ள நல்ல ஆசிரியர்களோடும் வேலை பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரின் நேரத்துக்கும் ஒரு வேலி போடுங்கள். ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும், சாயங்காலம் இத்தனை மணிக்கு மேல் வராது, அவசரம் என்றால் இந்த எண் என்று வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பெற்றோர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் போட்டால் அப்புறம் தினமும் பதினோரு மணிதான். அதே போல, தகவல் நம் பக்கத்திலிருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தால் அது அறிவிப்பு, அவ்வளவுதான். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஜாய்ஸ் எப்ஸ்டீனின் ஆறு வகைப் பெற்றோர் பங்கேற்பில் தகவல் தொடர்பு ஒரு வகை, அதையும் அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவதையும் சேர்த்தே சொல்கிறார். பத்து நிமிஷப் பெற்றோர் சந்திப்பில் முதல் மூன்று நிமிஷத்தைப் பெற்றோருக்கே விட்டுவிடுங்கள். "வீட்டில் பள்ளியைப் பற்றி என்ன சொல்கிறான்?" என்று ஆரம்பித்தால் நீங்கள் தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சில் பாதி தேவைப்படாது.

செய்வதெல்லாம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கக் கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பாதீர்கள். வழக்கமாகப் படிக்கிறவர்கள்தான் அதையும் நிரப்புவார்கள். அதற்குப் பதிலாக வகுப்புக்கு இரண்டு வீடு, எதற்கும் பதில் போடாத வீடுகளாகப் பார்த்து எடுத்து, நீங்களே போன் செய்து "அடுத்த வாரம் பள்ளியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பரீட்சை வைக்கிற தொனி வேண்டாம், எங்கள் தகவல் வருகிறதா என்று பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டே கேளுங்கள். எப்படித் தெரிந்தது என்பதற்கு "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க" என்று பதில் வந்தால், அந்த வகுப்பில் எந்த வழி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பருவத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.